உன் மாமா பந்தியில் உட்காராத காரணம்

ஏகாம்பரம்,

இவ்விடம் சுகம், அவ்விடம் சுகமா என்று கேட்டுத்தான் இதுவரை உனக்கு எல்லாக் கடிதமும் எழுதியிருக்கிறேன். இன்றைக்கு அந்த வரியை எழுதக் கை வரவில்லை. ஜோலார்பேட்டையிலிருந்து நீ எழுதியது வந்து பதினோரு நாள் ஆகிறது. அதில் இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். ஆம்பூர் மாமா மகள் மரகதத்தைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறேன், நேரில் போய்க் கேட்டேன், 'மொதல்ல உங்கப்பன கேட்டுட்டு வா, அப்புறம் பேசலாம்' என்று மாமா சொல்லிவிட்டார், என்ன சங்கதி என்பது ஒன்று. பட்டணத்து டாக்கிக் கம்பெனிக்காரர்கள் வீடு தேடி வந்து கூப்பிட்டும் ஏன் பதில் போடாமல் இருக்கிறீர்கள், நாற்பது வருஷம் சில்லறை வேஷம் கட்டியவருக்கு இந்த யோகம் இனி எப்போது வரும் என்பது இன்னொன்று. இரண்டும் வேறு வேறு என்று நினைத்துத்தான் கேட்டிருக்கிறாய். எனக்கு இரண்டுக்கும் ஒரே பதில்தான். அதைச் சொல்வதற்குள் ஆம்பூருக்கு ஒரு தடவை போய் வர வேண்டியிருந்தது. அதனால்தான் இத்தனை நாள்.

நான் தோல் ஷாப்பில் வேலை செய்தவன் என்று உனக்குச் சொன்னதில்லை. உன் தாத்தா மலையடிவாரத்திலிருந்து தோல் பதனிட ஆவாரம்பட்டை ஏற்றிவந்து ஆம்பூர் ஷாப்புகளில் இறக்குகிற வண்டிக்காரர் என்று மட்டும் தெரியும் உனக்கு. பதினேழு வயதில் அவர் என்னை அந்த ஷாப்பு ஒன்றிலேயே சேர்த்துவிட்டார். உன் மாமா பெருமாள் எனக்கு முன்பே அங்கே இருந்தான். அவனை 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன், பொய் எழுதுவது போலிருக்கிறது. அவன் என்றே எழுதுகிறேன், நீ பொறுத்துக்கொள். சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலை இழுத்துப் போட்டு, மரக்கட்டையின் மேல் விரித்து, கத்தியால் மயிர் வழிக்க வேண்டும். நானும் அவனும் எதிரும் புதிருமாக நின்று அந்த வேலையைச் செய்தோம். அந்த நாற்றம் துணியில் ஏறுவது பெரிதல்ல, துவைத்தால் போகும். கையில் ஏறினால் போகாது. சாயங்காலம் பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவுவோம். கழுவிய பிறகு கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்போம். சோற்றில் கை வைப்பதற்கு முன் இன்னொரு தடவை பார்ப்போம். எல்லாரும் செய்வோம், நானும் செய்வேன். பெருமாள் கொஞ்சம் ஜாஸ்தி செய்வான். இடது கை, வலது கை, பிறகு இரண்டையும் சேர்த்து வைத்து, கண்ணை மூடிக்கொண்டு முகர்வான். 'இன்னும் போவல மாப்ள' என்று மறுபடி ஊற்றுக்குப் போவான். அவன் சுத்தக்காரன், ஏகாம்பரம். அவனைப் போல் சுத்தமாகக் கை கழுவிய மனிதனை நான் இதுவரை பார்த்ததில்லை. அவனுக்குச் சோறு கொண்டு வருகிற தங்கச்சிதான் உன் அம்மா அமிர்தம்.

ஒரு நாள் குழியிலிருந்து தோலை இழுக்கும்போது சுண்ணாம்புத் தண்ணீர் தெறித்துப் பெருமாளின் இடது கண்ணில் பட்டது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். யாரோ எண்ணெய் ஊற்று என்றார்கள், யாரோ பால் ஊற்று என்றார்கள், என்னவெல்லாமோ ஊற்றினோம். கண் போய்விட்டது. அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, கோழி பார்ப்பது போல் பார்க்கத் தொடங்கினான். அவன் ஒரு மாதம் கழித்து அதே குழிக்கு வேலைக்குத் திரும்பினான். நான் திரும்பவில்லை. வாணியம்பாடியில் கொட்டகை போட்டிருந்த நாடகக் கம்பெனியில் திரை இழுக்க ஆள் வேண்டும் என்றார்கள், போய்ச் சேர்ந்துவிட்டேன். கலை மேல் ஆசைப்பட்டு ஓடினேன் என்று நான் பல பேரிடம் சொல்லி நீயும் கேட்டிருக்கிறாய். இல்லை. பயந்து ஓடினேன்.

நாடகத்தில் பாட்டுத்தான் பெரிது. எனக்குச் சாரீரம் கிடையாது. நாலு கட்டைக்கு ஏறப் போனால் மூன்றிலேயே குரல் உடையும். ஆகவே ராஜபார்ட் எனக்கு வராது என்பது முதல் மாதமே தெரிந்துவிட்டது. ராஜா பாடி முடிக்கும்வரை பக்கத்தில் கைகட்டி நிற்கிற மந்திரி, வாசல் காக்கிற சேவகன், வட்டிக்காரன், வைத்தியன், பிள்ளையைப் பறிகொடுத்த கிழவன், இவைதான் என் பங்கு. இருபது வயதிலேயே எனக்கு நரைத்த தாடி ஒட்டிவிட்டார்கள். பாட முடியாதவன் ஜனம் தன்னைப் பார்க்கும்படி வேறு ஏதாவது செய்தாக வேண்டும். நான் மனிதர்களைப் பார்க்கத் தொடங்கினேன். குடியாத்தத்தில் தறி நெய்கிற ஒருவர், நூல் அறுந்தால் நாக்கை லேசாகக் கடித்துக்கொள்வார். அந்த நாக்கு என் மந்திரிக்குப் போயிற்று. சோளிங்கர் மலைப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்ட ஒரு பெரியவர், மேலே பார்க்காமல் ஏறி வந்த படிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை வைத்துக்கொண்டு பத்து வருஷம் கிழவன் வேஷம் கட்டினேன். அவர்களில் ஒருவருக்கும் நான் எடுத்துக்கொண்டது தெரியாது. யாருக்கும் ஒன்றும் குறைந்துபோகவுமில்லை. அதனால் இதில் தப்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

உன் அம்மாவை எனக்குக் கட்டிக்கொடுத்தது பெருமாள்தான். கூத்தாடிக்கா பெண் கொடுக்கிறாய் என்று அவன் பங்காளிகள் எல்லாரும் எதிர்த்தார்கள். 'தப்பா நெனச்சிக்காதீங்க, அவன் என் கூட வேல செஞ்சவன், எனக்குத் தெரியும் அவன' என்று ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னான். எதைப் பேசினாலும் 'தப்பா நெனச்சிக்காத' என்று தொடங்குவது அவன் பழக்கம். மணி என்ன என்று கேட்பதற்கும் அப்படித்தான் தொடங்குவான். ஒற்றைக் கண்ணன் என்று அவனுக்கே பெண் கிடைக்காமல் இருந்தது. தங்கச்சி கல்யாணம் முடிந்து வெகு காலம் கழித்துத்தான் பேரணாம்பட்டில் பெண் எடுத்தான்.

உனக்கு நாலு வயசாகும்போது எங்கள் வாத்தியார் ஒரு புது நாடகம் எழுதினார். நாட்டை இழந்த ராஜா மாறுவேஷத்தில் ஊர் ஊராகத் திரிகிற கதை. ஒருவரும் கதவு திறக்காத ஊரில் ஒரு தோல் வேலைக்காரன் மட்டும் கூப்பிட்டுத் தன் சோற்றைப் போடுகிறான். இரண்டே காட்சி. அந்த வேஷம் எனக்கு. ஒத்திகையில் வாத்தியாருக்குத் திருப்தி இல்லை. 'இதுல ஒண்ணுமே இல்லியே. ஜனம் எழுந்து பீடி பிடிக்கப் போய்டும். நாளைக்குள்ள ஏதாவது செய், இல்லன்னா காட்சியையே எடுத்துடறேன்' என்றார். மறுநாள் நான் பெருமாளைக் கொண்டுவந்தேன். தலையைச் சாய்த்து ராஜாவைப் பார்த்தேன். 'தப்பா நெனச்சிக்காத ராசா' என்று தொடங்கினேன். சோறு போடுவதற்கு முன்னால் இடது கையை முகர்ந்தேன், வலது கையை முகர்ந்தேன், இரண்டையும் சேர்த்து முகர்ந்து, முகத்தைச் சுளித்து, 'கொஞ்சம் இருக்குது, பரவால்ல, துண்ணு' என்றேன். வாத்தியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த முகச்சுளிப்பும் கடைசி வார்த்தையும் பெருமாளுடையவை அல்ல, கவனித்துக்கொள். அவன் ஒருநாளும் பரவாயில்லை என்று விட்டவனில்லை. அவற்றை நான் சேர்த்தேன்.

வேலூரில் போட்டோம். கொட்டகை அதிர்ந்தது. பாடத் தெரியாத எனக்கு 'ஒன்ஸ்மோர்' கேட்டார்கள். அது எப்படி இருக்கும் என்று சொன்னால் உனக்குப் புரியாது. இருபது வருஷம் ராஜாவுக்குப் பின்னால் நின்றவனுக்குத்தான் புரியும். அடுத்த ஊர் ஆம்பூர். அங்கே போடும்போதாவது அதை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றியது. மாற்றவில்லை. பெருமாளால் முதல் நாள் வர முடியவில்லை. இரண்டாம் நாளைக்குச் சொல்லி லீவு வாங்கியிருந்தான். எங்க மாப்ள நடிக்கிறாரு, எல்லாரும் போய்ப் பாருங்க என்று ஷாப்பில் எல்லாரையும் அனுப்பி வைத்ததே அவன்தான்.

மறுநாள் காலை நான் கம்பெனி ஆட்கள் இரண்டு பேரோடு பஜாரில் நடந்துகொண்டிருந்தேன். பெருமாள் எதிரே வந்தான். அவன் வர வர, கடைகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையை மூக்கில் வைத்து முகர்ந்தார்கள். வாழைப்பழக்காரன், வண்டிக்காரன், அவனோடு குழியில் நிற்கிறவர்கள்கூட. அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிரித்துக்கொண்டே, என்னைக் கண்ட சந்தோஷத்தில் வேகமாக வந்து என் தோளைப் பிடித்தான். 'தப்பா நெனச்சிக்காத மாப்ள, காலைலேர்ந்து இவனுங்க இன்னாத்துக்கு என்னைப் பார்த்து கைய மோந்துக்கிறானுங்க?' என்று கேட்டான். அந்த இடத்தில் நான் ஒன்றும் சொல்லாமல் அவனை அணைத்துக்கொண்டு அப்பால் போயிருக்கலாம். ஜனம் கூடி நின்று என் முகத்தைப் பார்த்தது. அந்தப் பார்வை தெரியும் எனக்கு, காத்திருக்கிற பார்வை. என் தலை தானாகச் சாய்ந்தது. 'தப்பா நெனச்சிக்காத மச்சான்' என்று அவன் குரலிலேயே சொல்லி, அவன் முகத்துக்கு நேராகக் கையைத் தூக்கி முகர்ந்தேன். பஜாரே சிரித்தது. பெருமாள் என் தோளிலிருந்து கையை எடுத்தான். எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்துக்கொண்டிருந்தான். பிறகு வேட்டியில் துடைத்துக்கொண்டு, வந்த வழியே போய்விட்டான்.

அன்றைக்கே அவன் வீட்டுக்குப் போயிருந்தால் ஒருவேளை இந்தக் கடிதம் தேவைப்பட்டிருக்காது. நான் போகவில்லை. கோபம் தணியட்டும் என்றேன், அடுத்த ஊருக்கு வண்டி கட்டுகிறார்கள் என்றேன், நடிப்பு வேறு நிஜம் வேறு என்று அவனுக்குத் தெரியாதா என்றேன். கண்ணு, நீ யாருக்காவது தப்பு செய்துவிட்டால் அன்றைக்கே போ. மறுநாள் போவது கஷ்டம், ஒரு வாரம் கழித்துப் போவது அதைவிடக் கஷ்டம், ஒரு வருஷம் ஆனபின் நாம் செய்தது தப்பே இல்லை என்று நம்பத் தொடங்கிவிடுவோம். நான் நம்பினேன். அந்த வேஷத்தை வாத்தியார் இரண்டு காட்சியிலிருந்து ஐந்தாக்கினார். கலவை, பேரணாம்பட்டு போன்ற ஊர்களில் நோட்டீசில் ராஜபார்ட்டுக்குப் பக்கத்தில் என் பெயரைப் போட்டார்கள். உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, நீ அந்தத் தோல்காரன் வேஷக்காரர் பிள்ளையா என்று உபாத்தியாயர் கேட்டாராம். நீ பெருமையாக வந்து சொன்னாய். எனக்கும் பெருமையாக இருந்தது.

உன் அம்மாவுக்கு இது உடனே தெரியவில்லை. அந்த வருஷம் பொங்கலுக்குப் பெருமாள் சீர் கொண்டு வரவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, காணும் பொங்கலன்று உன்னைத் தூக்கிக்கொண்டு அவளே ஆம்பூருக்குப் போனாள். போன வண்டியிலேயே திரும்பி வந்தாள். தின்னாமல் கொள்ளாமல் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் உன்னை இறக்கி விட்டுவிட்டு, என் வலது கையைப் பிடித்துத் தன் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். 'எங்கண்ணன் கைதான் கிடைச்சிதா உனக்கு? உன் கை எங்க போச்சி? நீயும் அதே குழியிலதான நின்ன?' என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பதினாறு வருஷம் என்னோடு வாழ்ந்தாள், சமைத்தாள், காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆனால் அதற்கு முன்பெல்லாம் நான் வீட்டுக்குள் யாரையாவது போல் நடந்து காட்டினால் விழுந்து விழுந்து சிரிப்பாளே, அந்தச் சிரிப்பை மட்டும் மறுபடி நான் கேட்கவில்லை. அவள் செத்தபோது பெருமாள் பிறந்த வீட்டுக் கோடி கொண்டுவந்து போட்டான். நீ அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுதாய், அவன் உன் தலையைத் தடவினான். என் பக்கம் திரும்பாமலே போய்விட்டான். அம்மா போன துக்கத்தில் மாமா பேசவில்லை என்று நீ நினைத்தாய். நானும் அப்படியே நினைக்கவிட்டேன்.

உன் கடிதம் வந்த பிறகு, போன ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் ஆம்பூர் போனேன். ஆற்றோரம் இருக்கிறது வீடு. பெருமாள் இப்போது குழி வேலைக்குப் போவதில்லை. காயப் போட்ட தோலுக்குக் காக்கை நாய் வராமல் காவல் இருக்கிறான். உன் அத்தை பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். மரகதம் பள்ளிக்கூடத்து நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து, 'வாங்க மாமா' என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். பெருமாள் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தான். குந்து என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் நின்றபடியே, வழியெல்லாம் ரயிலில் தயார் செய்துகொண்டு வந்ததைச் சொன்னேன். மச்சான், நான் செய்தது பாவம், இத்தனை வருஷம் வராமல் இருந்தது அதைவிடப் பாவம், பிள்ளைங்கள் மேல் அது விழ வேண்டாம் என்று. சொல்லிக்கொண்டே வரும்போது, மேடையில் பேசுகிற மாதிரி என் குரல் ஏறி இறங்குவது எனக்கே கேட்டது. பாதியில் நிறுத்திவிட்டேன்.

பெருமாள் சொன்னான். 'அன்னிக்கி பஜார்ல ஒரு நொடிதான் பார்த்தேன். ஊரே பார்த்துச்சி, நான் முழுசா பார்த்ததில்ல. இப்ப செஞ்சி காட்டு.'

'வாணாம் மச்சான்.'

'இருவத்துமூணு வருஷம் எல்லா ஊர்லியும் செஞ்சியே. எனக்கு ஒரு வாட்டி செய்ய மாட்டியா?'

நான் மரகதத்தைப் பார்த்தேன். 'எங்கப்பா கேக்குறாரில்ல, செய்ங்க' என்றாள்.

செய்தேன், ஏகாம்பரம். முடியாது என்று காலில் விழுந்திருக்கலாம். ஆனால் எழுந்து நின்றதும் உடம்பு தானாகவே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. தலை சாய்ந்தது, குரல் வந்தது, இடது கை, வலது கை, இரண்டும் சேர்த்து. முகத்தைச் சுளித்துவிட்டு ஜனம் சிரித்து அடங்குவதற்காக நான் வழக்கமாக நிற்கிற ஓர் இடைவெளி உண்டு. அங்கே நின்றேன். சிரிக்க யாரும் இல்லை. ஆயிரம் தடவை அந்த இடத்தில் நின்றிருக்கிறேன், அது அத்தனை நீளம் என்று எனக்குத் தெரியாது. மரகதம் என்னைப் பார்க்கவே இல்லை, அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'நிறுத்தாத' என்றான் பெருமாள். ஐந்து காட்சியையும் செய்து முடித்தேன்.

'இவ்ளோதானா?' என்றான். கோபமில்லை. நிஜமாகவே கேட்டான். 'நான் இன்னும் பெருசா இன்னாமோ நெனச்சிக்கினு இருந்தேன். இதுக்கா?' பிறகு சொன்னான். அந்த வருஷமே பேரணாம்பட்டில் அவன் மைத்துனன் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்தான், இலையில் சோறு விழுந்தது, எதிர் வரிசையில் இருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கி முகர்ந்தார்களாம். விளையாட்டுக்குத்தான். அவனும் சிரித்துவிட்டு, கை கழுவி வருவதாகச் சொல்லி எழுந்தவன் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து நாலு பேருக்கு முன்னால் அவன் சாப்பிட்டதே இல்லை. மரகதத்துக்குக் காது குத்தியபோது ஊருக்கெல்லாம் பரிமாறிவிட்டு, எல்லாரும் போனபின் கொல்லையில் நின்று சாப்பிட்டிருக்கிறான். ஷாப்பில் பகல் சோற்றுக்கு ஆற்று மணலுக்குப் போய்விடுவானாம். ஒவ்வொரு வார்த்தையையும் சாதாரணமாகச் சொன்னான். 'தப்பா நெனச்சிக்காத' என்பது அவன் பேச்சில் ஓரிடத்திலும் இல்லை. எப்போது அதை விட்டான் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இப்போது எழுதப்போவதுதான் உனக்குச் சொல்லக் கூசுகிறது. அவன் அந்தக் கொல்லையைப் பற்றிச் சொல்லும்போது அவனுடைய கீழுதடு உள்ளே மடிந்து, பல்லில் மாட்டிக்கொண்டு, மெதுவாக வெளியே வந்தது. அழுகையை அப்படி அடக்குகிற மனிதனை நான் பார்த்ததில்லை. என் நெஞ்சு உடைந்துகொண்டிருந்தது. அது சத்தியம். அதே நேரத்தில் என் கண் அந்த உதட்டைப் பாடம் பண்ணிக்கொண்டிருந்தது. என்னை அறியாமல் என் உதடும் மடிந்துவிட்டிருக்கிறது. பெருமாள் பேச்சை நிறுத்தினான். தன் ஒற்றைக் கண்ணால் என் வாயையே பார்த்தான்.

'பார்த்தியா,' என்றான். 'இப்பவும் எடுக்கிற.'

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். மரகதம் நோட்டை மூடி வைத்தாள். 'மாமா, எங்க இஸ்கூல்ல ஒருத்தர மாதிரி இன்னொருத்தர் செஞ்சி காட்டினா பெஞ்சி மேல ஏத்திடுவேன். அப்படியும் அதுங்களால அடக்க முடியாது' என்றாள். என்னைக் குத்துவதற்காகச் சொன்னாளா, எனக்காகப் பரிந்து சொன்னாளா தெரியவில்லை. அவளிடமே கேட்டேன், என் பிள்ளையைக் கட்டிக்கொள்கிறாயா என்று. 'அவர் வேற, நீங்க வேற. ஆனா எங்கப்பா சரின்னாதான்' என்றாள். பெருமாள், பொண்ணு சரின்னா எனக்கும் சரி என்று சொன்னான். இப்படித்தான் உன் கல்யாணம் நிச்சயமாயிற்று. தாம்பூலம் இல்லை, மேளம் இல்லை.

நீ கெட்டிக்காரப் பெண்ணைத்தான் பார்த்திருக்கிறாய். ஒன்று மட்டும் சொல்கிறேன். போன தீபாவளிக்கு வந்திருந்தபோது உன் ஸ்டேஷன் மாஸ்டர் கொடி பிடிக்கிற விதத்தைச் செய்து காட்டினாய். அச்சாக இருந்தது, நான் சிரித்தேன், ஆனால் பயமாகவும் இருந்தது. என்னிடமிருந்து உனக்கு வந்திருக்கிறது அது. மரகதம் ஏதாவது வார்த்தையை ஒரு மாதிரி சொல்லுவாள், ஏதாவது பழக்கம் இருக்கும், உனக்குச் சிரிப்பு வரும். அவளோடு வீட்டுக்குள் சிரி. உன் தோஸ்துகள் முன்னால் அவளை எடுத்து வைக்காதே. ஆசையோடு செய்தாலும் செய்யாதே. நானும் பெருமாள் மேல் ஆசை இல்லாமல் அவனை எடுத்துக்கொள்ளவில்லை.

இனி டாக்கி விஷயம். அவர்கள் என்னைக் கூப்பிடுவது அந்தத் தோல்காரன் வேஷத்துக்குத்தான். அதை மட்டும்தான் அவர்கள் கேட்டார்கள். கிளம்பும் முன் பெருமாளிடம் சொல்லிவிட்டேன். மறைத்து வைத்துப் பட்ட பாடு போதும் என்று தோன்றியது.

'அதுல பதிஞ்சா அழியாதாமே?' என்றான்.

'அழியாது.'

'எல்லா ஊருக்கும் போவுமா?'

'போவும்.'

'ஆம்பூருக்கும்?'

'ஆமா.'

'உன் இஷ்டம்' என்றான். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவனுக்காக விட்டுக்கொடுத்தேன் என்று காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கலாம். அதற்கும் அவன் இடம் தரவில்லை. வர முடியாது என்று நேற்று எழுதினேன், கிழித்தேன். மறுபடி எழுதி இன்று காலை தபாலில் போட்டுவிட்டேன். போட்ட பிறகும் ஆசை போகவில்லை, ஏகாம்பரம். நாடகம் அன்றன்றைக்குக் கலைந்துவிடும். நாற்பது வருஷத்தில் நான் செய்த எதுவும் எங்கேயும் இல்லை. நான் செத்த பிறகும் ஜனம் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு புல்லரிக்கிறது. அப்பா பெரிய தியாகம் செய்தார் என்று யாரிடமும் சொல்லாதே. பயந்துதான் விட்டேன். தோல் ஷாப்பை விட்டதும் பயந்துதான்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று நான் புறப்பட்டேன். பெருமாள் வாசல் வரை வந்தான். 'கல்யாணத்துக்கு வா' என்றான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவன் கையைப் பிடிக்கப் போனேன். பின்னால் நகர்ந்துகொண்டு, முகத்தை நன்றாகத் திருப்பிக்கொண்டு சொன்னான்:

'வா. முன்னாடியே நில்லு, புள்ளையோட அப்பன் நீ. ஆனா என்னைப் பார்க்காத.'

அப்படியே செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். வைகாசியில் நாள் பார்க்கச் சொல்லியிருக்கிறான். உனக்கு லீவு கிடைக்கிற தேதியை அவனுக்கே எழுதிவிடு. தாலி கட்டும்போது நான் உன் பக்கத்தில் நிற்பேன். அவன் மகளைத் தாரை வார்த்துக் கொடுக்கும்போது அவன் முகம் எப்படி இருக்கும் என்பதை அந்தப் பந்தலில் எல்லாரும் பார்ப்பார்கள், நான் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சம்பந்தியை ஏறெடுத்தும் பார்க்காத திமிர் பிடித்தவன் என்று யாராவது உன் காதில் விழும்படி பேசுவார்கள். பேசட்டும். நீ பதில் சொல்லாதே.

அப்பா